கணவரின் கடனுக்குச் சீதன வீட்டை ஈடு வைக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். வயது 38, இரண்டு பிள்ளைகள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கலியாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கி நிலாவெளிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓடுகிறார். போன மாதம் வானின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இன்சூரன்ஸ் கடதாசி தேடியபோது, இறப்பர் பட்டி போட்டுக் கட்டிய ஒரு கட்டு வங்கிக் கடிதங்கள் கையில் அகப்பட்டன. பாதிக்கு மேல் உடைக்கப்படவே இல்லை. அன்றிரவு கேட்டதற்கு முதலில் கோபப்பட்டவர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிரெடிட் கார்டில் 480,000 ரூபாவும் 310,000 ரூபாவும். தனிநபர் கடனில் மீதி 600,000, தவணை 19,500. வான் லீசிங் மாதம் 48,000, இன்னும் 26 தவணை. இவற்றோடு, மாதம் பத்து வீத வட்டிக்குத் தெரிந்த ஒருவரிடம் வாங்கிய 200,000. லீசிங்குக்கு மனைவியே பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறார். இப்போது கணவர், மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறார். மச்சாள், நுண்நிதிக் கம்பனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற குழுக்கடன் எடுக்கச் சொல்கிறார். அண்ணன், சாம்பல்தீவில் கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் வாங்கிய காணியை உடனே பிள்ளையின் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். இதற்கிடையில் வங்கிக்காக அறவிட வருகிற ஆள் பாடசாலை அதிபருக்கே கோல் எடுத்துக் கதைத்துவிட்டார். "பொலிஸ் வந்து இவரைப் பிடிச்சுக்கொண்டு போகுமா? மனைவி என்றபடியால் எல்லாவற்றையும் நானும் கட்ட வேண்டுமா? இவருக்கு உதவ வேண்டும், ஆனால் பிள்ளைகளின் வீடு போகவும் கூடாது" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, சட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "நான் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிடும்" என்று உங்கள் கணவர் ஒரு தடவை சொன்னதாக ஒற்றை வரி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியை அப்படிக் கடந்து போகாதீர்கள். இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஏதாவது எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், திருகோணமலை பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியரையும் பார்க்கலாம். கடன் விஷயத்துக்கு வழி இருக்கிறது. அதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்களும் அவரும் சேர்ந்து வாசியுங்கள்.

எதற்கு நீங்கள் பொறுப்பு, எதற்கு இல்லை

கணவன் பட்ட கடன் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் தலையில் விழாது. கார்டு அவர் பெயரில், தனிநபர் கடன் அவர் பெயரில், நீங்கள் எங்கும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் வங்கி உங்களிடம் கேட்க முடியாது. உங்கள் சம்பளத்திலும் கை வைக்க முடியாது.

லீசிங் அப்படியில்லை. "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து என்று சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிணை என்பது சாட்சி இல்லை. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது அது. முதலில் கடனாளியிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிணையாளியிடம் வர வேண்டும் என்று நமது பொதுச் சட்டத்தில் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, ஆனால் அச்சடித்த படிவங்களில் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி வழக்கமாகவே இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வானைக் கம்பனி எடுத்து விற்று, விற்ற காசு மீதிக்குப் போதாமல் போனால், அந்தத் துண்டு விழும் தொகை அவரோடு சேர்த்து உங்களையும் தேடி வரும். ஆகவே இந்தக் கடன்களில் உங்களை நேரடியாகத் தொடுவது லீசிங் மட்டும்தான்.

பொலிஸ் பற்றி. கார்டுக் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை, அது குடியியல் விவகாரம், பொலிஸ் நிலையத்துக்கு அதில் வேலை கிடையாது. ஆனால் காசோலை வேறு. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த செக் திரும்பி வந்தால், 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். வட்டிக்காரரிடம் அவர் திகதி போடாத செக் ஏதும் கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பயமாக இருந்தது கார்டு இல்லை, இந்த வட்டிக்காசுதான்.

வீட்டு உறுதியை அலுமாரியிலிருந்து எடுக்காதீர்கள்

கார்டுக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் இப்போது எந்தச் சொத்தும் ஈடாக இல்லை. வங்கிக்குக் காசு வேண்டுமென்றால் அவர் மேல் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் அவருடைய சொத்தைத்தான் தேட வேண்டும். உங்கள் வீட்டை ஈடு வைத்து அந்தக் கடன்களை அடைத்த நாளிலிருந்து, எதற்கும் பொறுப்பில்லாமல் இருந்த நீங்கள் முழுத் தொகைக்கும் பொறுப்பாகிறீர்கள், தவணை தவறினால் போவது வீடு. ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே ஏலம் விடுகிற விசேட அதிகாரமும் சில நிலைமைகளில் வங்கிகளுக்கு உண்டு, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று நீங்கள் எழுதியது இங்கே முக்கியம். திருகோணமலைத் தமிழருக்குத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், இல்லை என்று நீங்கள் நினைப்பது சரிதான், ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்த பெண் அந்தக் கலியாணம் நீடிக்கும்வரை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். அப்படிப் பார்த்தாலும் சீதன வீடு உங்கள் தனிச் சொத்து, அவருடைய கார்டுக் கடனுக்கு அது பதில் சொல்லத் தேவையில்லை. சாம்பல்தீவுக் காணியின் கதை வேறு. கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய காணி தேடியதேட்டம், உறுதி அவர் பெயரில் இருந்தாலும் உங்களுக்கும் பாதி உண்டு, ஆனால் அது கடன்காரரின் கைக்கு எட்டக்கூடியது. உறுதியையும் கலியாணப் பதிவையும் கொண்டுபோய் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்னபடி காணியைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதுவது? அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார், ஆனால் வேண்டாம். கடன் கழுத்து வரை வந்த பிறகு கடன்காரருக்கு அகப்படாமல் செய்கிற அந்த மாதிரி உறுதியை வங்கி நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தி ரத்துச் செய்விக்கலாம். நொத்தாரிஸ் செலவும் போய், நேர்மையில்லாத கடனாளி என்ற பெயரும் வந்து சேரும்.

கணக்கு என்ன சொல்கிறது

நீங்கள் எழுதிய தொகைகளை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டேன். சீசன் மே முதல் செப்டெம்பர் வரை, அந்த ஐந்து மாதமும் அவர் கையில் மாதம் 160,000 அளவில் மிஞ்சுகிறது. மற்ற ஏழு மாதமும் 40,000. உங்கள் சம்பளம் கைக்கு 62,000, வீட்டுச் செலவு 70,000. கடன்களுக்குக் கட்ட வேண்டியது லீசிங், தனிநபர் கடன், கார்டுகளின் குறைந்தபட்சத் தொகை, வட்டிக்காசு எல்லாம் சேர்த்து மாதம் 127,000. சீசனில் உங்கள் இருவரிடமும் செலவு போக 152,000 நிற்கிறது, சமாளிக்கலாம். ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் 32,000தான் நிற்கிறது. அந்த மாதங்களில் அவர் கார்டில் காசு எடுத்து லீசிங்கைக் கட்டியிருக்கிறார். கார்டில் காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்குக் கட்டணமும் வேறு. இது ஊதாரித்தனத்தால் வந்த கடன் இல்லை, தங்கச்சி. வருடம் முழுக்க ஒரே அளவாக வருகிற தவணையை, ஐந்து மாதம் மட்டும் ஓடுகிற தொழிலில் கட்டப் பார்த்ததால் வந்தது. 2022இல் டீசலும் இல்லை, ஆட்களும் வரவில்லை, வட்டியும் ஏறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதை அவருக்குச் சொல்லுங்கள், அவர் வெட்கப்பட்டு ஒளிப்பதற்கு இருக்கும் காரணம் பாதி குறையும்.

"மினிமம் கட்டிக்கொண்டுதானே வருகிறார், அது பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினைதான். இரண்டு கார்டிலும் 790,000, வருட வட்டி 28 வீதம் என்று வைத்தால் மாதம் 18,000க்கு மேல் வட்டியே போகிறது. குறைந்தபட்சம் ஐந்து வீதம் என்றால் 39,500 கட்ட வேண்டும், அதில் ஏறத்தாழ பாதி வட்டிக்குப் போக மிச்சம்தான் மூலக் கடனில் கழியும். அதுவும் அந்தக் கார்டில் மறுபடி டீசல் அடிக்காவிட்டால்.

எதை முதலில் அடைப்பது

முதலில் வட்டிக்காசு. மாதம் பத்து வீதம் என்றால் வருடத்துக்கு 120 வீதம், மாதம் 20,000 கட்டியும் இரண்டு இலட்சம் இரண்டு இலட்சமாகவே நிற்கிறது. இதற்கு மட்டும் நீங்கள் கடன் எடுப்பதை நான் ஒத்துக்கொள்வேன், அதுவும் குழுக்கடன் வேண்டாம். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிற அந்தக் கடன் கிழக்கு மாகாணத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும், 2018இல் அரசாங்கமே தலையிட வேண்டி வந்தது. நீங்கள் அரசாங்க ஆசிரியை. ஆசிரியர் அறையில் டிஸ்ட்ரஸ் லோன் என்று சொல்கிற இடர் கடனுக்கு வட்டி 4.2 வீதம்தான். இரண்டு இலட்சத்தை ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் 4,000 ரூபாவுக்குள் முடியும். அந்தக் காசை அவர் கையில் கொடுக்காதீர்கள். இருவருமாகப் போய், சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு, வட்டிக்காரரிடம் கொடுத்து, அவர் எழுதி வாங்கிய கடன் நோட்டையும் செக்கையும் அதே இடத்தில் திருப்பி எடுத்து, முழுதும் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். அவர் தர மறுத்தால், அல்லது தொகை எழுதாத நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால், சட்டத்தரணியிடம் வாருங்கள். வட்டிக்குக் காசு கொடுப்பவர்களை அடக்க 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது, மிதமிஞ்சிய வட்டிக் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் திறந்து பார்க்கலாம்.

அடுத்தது லீசிங். வாகனப் புத்தகத்தில் உரிமையாளர் கம்பனிதான், தவணை நின்றால் வான் போகும், வான் போனால் உழைப்புப் போகும், மீதிக்கு நீங்கள் பிணை. ஆகவே கார்டுக்காரர் எத்தனை கோல் எடுத்தாலும் லீசிங் காசை எடுத்துக் கார்டுக்குக் கட்டாதீர்கள். அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை.

அப்புறம் கார்டுகளும் தனிநபர் கடனும். இரண்டு கார்டையும் கத்தரிக்கோலால் வெட்டினால் காணாது, மூடச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படியும், சீசன் மாதங்களில் கூடவும் மற்ற மாதங்களில் குறைத்தும் கட்ட ஒழுங்கு செய்யும்படியும் கடிதம் கொடுங்கள். வருமானம் எந்த மாதத்தில் எவ்வளவு என்று கடந்த இரண்டு வருட வங்கிக் கூற்றோடு காட்டினால் கிளை முகாமையாளர் காது கொடுப்பார், "கட்டுகிறேன் சேர்" என்று போனில் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், வட்டிக்காசு தீர்ந்த பிறகும் இடர் கடன் தவணையோடு சேர்த்து மாதம் 111,000 கட்ட வேண்டியிருக்கும், ஏழு மாதம் 32,000தான் இருக்கும். மறுசீரமைப்பு மட்டும் இந்த ஓட்டையை அடைக்காது. சாம்பல்தீவுக் காணியை 15 இலட்சத்துக்குக் கேட்டார்கள், மகளுக்கென்று வைத்ததால் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கார்டும் தனிநபர் கடனும் சேர்த்து 1,390,000. காணியை விற்று இவற்றை முடித்தால் மாதக் கட்டணம் 52,000க்கு இறங்குகிறது, ஒவ்வொரு சீசன் மாதத்திலும் ஒரு இலட்சம் மிஞ்சுகிறது, மாரி மாதங்களில் விழுகிற 20,000 துண்டை அதிலிருந்து தாராளமாக நிரப்பலாம். காணியைக் கொடுப்பது மனதுக்குக் கஷ்டம் என்று விளங்குகிறது. ஆனாலும் மகளுக்கு உண்மையில் இருக்கிற சொத்து நீங்கள் குடியிருக்கிற வீடுதான், அதைக் காப்பாற்ற காணி போகட்டும் என்பதே என் அபிப்பிராயம். விற்பதற்கு முன்பே வங்கிகளிடம் முழுதாகத் தீர்த்தால் எவ்வளவு கழிப்பீர்கள், தனிநபர் கடனை நேரகாலத்தோடு முடிக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன கழிவை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

கோல்களும் அழைப்பாணையும்

உங்கள் அதிபரிடம் கணவரின் கடனைப் பற்றிக் கதைக்க அந்த ஆளுக்கு உரிமை இல்லை. வாடிக்கையாளரின் விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது வங்கிகளுக்குச் சட்டம் விதித்த கடமை, நிதி நுகர்வோரைப் பாதுகாக்க 2023இல் மத்திய வங்கி ஒழுங்குவிதிகளும் கொண்டுவந்தது. கோல் வந்த திகதி, நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி முதலில் வங்கிக்கு முறைப்பாடு கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது, அதன் பிராந்திய அலுவலகம் நமது திருகோணமலையிலேயே இருக்கிறது. வங்கிகள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். முறைப்பாடு கொடுப்பதால் கடன் குறையாது, தொல்லை குறையும்.

உடைக்காத கடிதங்களை எல்லாம் இன்றிரவே உடையுங்கள். வழக்கு இலக்கமும் நீதிமன்ற முத்திரையும் உள்ள ஏதாவது இருந்தால் மறுநாளே சட்டத்தரணியிடம் போக வேண்டும். கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கி போடுகிற வழக்கில் நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை அனுப்பிவிடும், அதில் குறித்த நாளில் தோன்றி எதிர்வாதம் சொல்ல அனுமதி கேட்காவிட்டால் அதுவே இறுதியாகிவிடும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று இருந்துவிடாதீர்கள், சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையில் இருக்கிறது. எழுத்திலான கடன் ஆறு வருடத்தில் காலாவதியாகிவிடும், பேசாமல் இருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இடையில் ஒரு தொகை கட்டினாலோ, கடனை ஒத்துக்கொண்டு எழுதினாலோ அந்தக் காலம் திரும்பவும் தொடங்கும், வங்கியும் ஆறு வருடம் தூங்கிக்கொண்டிருக்காது.

இன்னும் ஒரு வேலை. அவர் எல்லாக் கடனையும் சொல்லிவிட்டாரா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் கிறிப் என்று சொல்கிற இடத்தில், தன்னுடைய அறிக்கையை அவரே தன் அடையாள அட்டையோடு விண்ணப்பித்து எடுக்கலாம். அவருக்குத் தெரியாமல் நீங்கள் எடுக்க முடியாது. அது கறுப்புப் பட்டியல் இல்லை, ஒழுங்காகக் கட்டுகிற கடனும் அதில் இருக்கும். வங்கி, நிதிக் கம்பனிக் கடன்களும் அவர் யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதுவும் அதில் தெரியும், கைமாற்றும் வட்டிக்காசும் தெரியாது, அவற்றை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அறிக்கையையும் கடிதங்களையும் மேசையில் பரப்பி, ஒரு கொப்பியில் கடன், மீதி, வட்டி, தவணைத் திகதி, யார் பிணை என்று இருவருமாக எழுதுங்கள். ஏன் ஒளித்தாய் என்ற கேள்வியை அன்றைக்கு எடுக்காதீர்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், கணக்கு எழுதி முடித்த பிறகு கேளுங்கள்.

அந்தக் கொப்பிக்கு வெளியே புதிதாக ஒரு கடன் எடுக்க மாட்டேன், யாருக்கும் பிணை நிற்க மாட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்டால் இடர் கடனுக்கு விண்ணப்பியுங்கள், ஒத்துக்கொள்ளும்வரை பொறுங்கள். உங்கள் சம்பளக் கணக்கின் ஏரீஎம் அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களிடமே இருக்கட்டும். காணி விற்று எல்லாம் தீர்ந்த பிறகும் அவர் மறுபடி ஒளித்துக் கடன் எடுத்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது நாங்கள் கதைக்க வேண்டியது 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளுக்கு என்ன கேட்கலாம் என்பதைப் பற்றி.